‘முதலில் ஒன் பீஸ் பார்’ என்பது பதில் அல்ல

“நல்ல சாகச அனிமே ஒன்று சொல்லுங்கள்” என்று ஒருவர் கேட்கிறார். அவருக்கு என்ன வயது, கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, இதுவரை எதைப் பார்த்து மகிழ்ந்தார் என்று ஒரு சொல்கூட விசாரிக்காமல் பட்டியல் ஒப்பிக்கப்படுகிறது. ஒன் பீஸ், ஹன்டர் எக்ஸ் ஹன்டர், ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட், அட்டாக் ஆன் டைட்டன். கேட்டவர் பதினாறு வயதுப் பையனாக இருக்கலாம். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் செவிலியராக இருக்கலாம். பேத்தியோடு உட்கார்ந்து பார்க்க ஆசைப்படும் தாத்தாவாகவும் இருக்கலாம். யார் கேட்டாலும் பட்டியலில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. ஆக்லாந்தின் ஒனிஹங்காவிலும் பக்கத்து ராயல் ஓக்கிலும் வாழும் தமிழ் ரசிகர்களிடம் இந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டது. சென்னையிலும் கொழும்பிலும் இதே கதைதான். இது தவறு. நாம் நேசிக்கும் தொடர்களுக்கு நாமே செய்யும் கேடு என்றும் சொல்வேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அது இப்படிப் போகிறது: உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து, விவாதித்து, மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுத்த தொடர்கள் இவை. ஒருவருடைய தனி ரசனையைவிட இத்தனை பேரின் கூட்டுத் தீர்ப்பு நம்பத்தக்கது. பெரிய கதைகள் மெதுவாகத்தான் விரியும், பொறுத்திருப்பவருக்கே பலன். கதையைப் பற்றி முன்கூட்டி எதைச் சொன்னாலும் அது பார்ப்பவரின் வியப்பைப் பறிக்கும். ஜப்பானியக் குரல்களோடு பார்ப்பதே படைப்பாளிக்குச் செய்யும் மரியாதை. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லோரும் ஒரே தொடர்களைப் பார்த்திருந்தால்தான் ரசிகர்கள் கூடிப் பேச முடியும்.

புலம்பெயர்ந்த ஊரில் இந்தக் கடைசி வாதத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. யாழ்ப்பாணம், கோயம்புத்தூர், கோலாலம்பூர், பிஜி என்று நான்கு திசைகளிலிருந்து வந்தவர்கள் ஒனிஹங்கா மால் தெருவில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், பேசுவதற்குப் பொதுவான கதை ஒன்று வேண்டும்தான். ‘ஒன் பீஸ்’ லூஃபியும் ‘ஃபுல்மெட்டல்’ எல்ரிக் சகோதரர்களும் அந்தக் கதையாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்கிறார்கள்.

இந்த வாதங்கள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எதுவுமே ‘ஆகவே எல்லோருக்கும் ஒரே பட்டியல்’ என்ற முடிவைத் தாங்கி நிற்காது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1. கூட்டுத் தீர்ப்பு யாருடைய தீர்ப்பு?

மை அனிமே லிஸ்ட் போன்ற தளங்களின் மதிப்பெண்ணைப் போட்டவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தொடரின் நான்காம் பருவத்துக்கு மதிப்பெண் போடுபவர், முதல் மூன்று பருவங்களையும் விரும்பிப் பார்த்தவர். பிடிக்காதவர்கள் எப்போதோ விலகிவிட்டார்கள். அவர்கள் வாக்கு அந்தக் கணக்கில் சேரவே இல்லை. அதனால்தான் உச்ச இடங்களில் தொடர்ச்சிப் பருவங்கள் குவிந்து கிடக்கின்றன. ‘ஜின்டாமா’ 2006-ல் தொடங்கிய தொடர். 2015-ல் வந்த அதன் தொடர்ச்சிப் பருவம் அந்தத் தளத்தில் நெடுங்காலம் முன்வரிசையில் இருந்துவருகிறது. முந்தைய நூற்றுக்கணக்கான எபிசோட்களைப் பார்க்காத ஒருவருக்கு அந்த உயர்ந்த மதிப்பெண்ணால் என்ன பயன்? தங்கியவர்களின் திருப்தியைத்தான் தரவரிசை அளக்கிறது. புதிதாக வருபவருக்கு எது பொருந்தும் என்ற கேள்வியை அது எழுப்புவதே இல்லை.

இன்னொரு சான்று. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த ‘பிரதர்ஹுட்’டை, ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே ‘ஃப்ரீரென்’ முந்தியது. இரண்டுமே பயணக் கதைகள், இரண்டுமே அருமையானவை. ஆனால் ‘பிரதர்ஹுட்’ 64 எபிசோட்களில் முடிச்சின் மேல் முடிச்சு போட்டு ஓடும் கதை. 2023 செப்டம்பரில் தொடங்கிய ‘ஃப்ரீரென்’ அரக்க மன்னனை வென்று வீரர்கள் ஊர் திரும்பிய பிறகு தொடங்குகிறது. தோழர்கள் முதுமையடைந்து இறக்க, நெடுநாள் வாழும் எல்ஃப் பெண் ஒருத்தி, அவர்களைச் சரியாக அறிந்துகொள்ளாமல் விட்டதை எண்ணித் தன் பழைய பாதையை மறுபடியும் நடக்கிறாள். வேகத்தை விரும்புபவருக்கு இது தூக்கம் வரவழைக்கும். பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் ஒருவருக்கு இதைவிட நெருக்கமான கதை அமைவது கடினம். இந்த வேறுபாட்டை மதிப்பெண்ணின் இரண்டாவது தசம இலக்கம் சொல்லுமா?

2. மற்றவருடைய நேரத்துக்கு விலையே இல்லையா?

கணக்குப் போடுவோம். 1999 அக்டோபரில் தொடங்கிய ‘ஒன் பீஸ்’ அனிமே 1,100 எபிசோட்களைத் தாண்டிவிட்டது. எபிசோடுக்கு 24 நிமிடம் என்றால் 440 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் வேலை செய்பவருக்கு அது பதினொரு வார உழைப்பு. நியூசிலாந்துச் சட்டம் தொழிலாளிக்கு உறுதி செய்யும் ஆண்டு விடுமுறையே நான்கு வாரம்தான். தினமும் இரவில் இரண்டு எபிசோட் விடாமல் பார்த்தாலும் ஒன்றரை ஆண்டு ஓடிவிடும்.

இரண்டு வேலை பார்ப்பவர், சின்னக் குழந்தை உள்ள தாய், தேர்வுக்குப் படிப்பவர் ஆகியோரிடம் எதுவும் விசாரிக்காமல் “ஒன் பீஸ்” என்று சொல்வது, அவர்களுடைய ஒன்றரை ஆண்டு மாலைப்பொழுதை நம் விருப்பப்படி ஒதுக்கிக் கொடுப்பதாகும். ஒனிஹங்காவிலிருந்து நகர மையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு எபிசோட் பார்க்கலாம். அந்த அளவு நேரம்தான் பலருக்கு நாள் முழுவதிலும் சொந்தமாகக் கிடைக்கிறது. அவர்களிடம் நான்கு பெண்கள் அன்டார்க்டிகாவுக்குப் போகும் ‘எ பிளேஸ் ஃபர்தர் தேன் தி யூனிவர்ஸ்’ பற்றிச் சொன்னால் இரண்டு வாரத்தில் முழுக் கதையும் அவர்கள் கையில் இருக்கும். அது 2018-ல் வந்த 13 எபிசோட் தொடர். அந்தப் பெண்கள் ஜப்பானிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டிலுக்கு வந்து அங்கே கப்பலேறுகிறார்கள். தெற்கே இவ்வளவு தூரம் வந்து குடியேறிய நமக்கு அந்தக் கடல் அந்நியமானதல்ல.

நீளம் குற்றம் என்று நான் சொல்லவில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. தமிழர்கள் மூன்றரை ஆண்டு காத்திருந்து படித்தார்கள். நீண்ட கதையில் வாழும் சுகம் நமக்குப் புதிதல்ல. ஆனால் அது தாமே தேர்ந்துகொண்ட காத்திருப்பு. நீளத்தை முன்கூட்டிச் சொல்லி, ஒப்புதல் கேட்டுவிட்டுப் பரிந்துரைப்பதே நேர்மை.

3. ‘நூறு எபிசோட் பொறுத்துக்கொள்’ என்பது பரிந்துரையா, மன்னிப்பா?

இதைவிட விசித்திரமான வாதத்தை வேறெந்தக் கலையின் ரசிகர்களும் முன்வைத்து நான் கேட்டதில்லை. “ஆரம்பம் சுமார்தான், அலபாஸ்டா வரட்டும்”, “எனியஸ் லாபி வரைக்கும் தாக்குப்பிடி” என்கிறார்கள். ‘ஒன் பீஸ்’ கதையில் எனியஸ் லாபி முடிவது 312-ஆவது எபிசோட் வாக்கில். அதாவது, நூறு மணி நேரத்துக்கு மேல் சகித்த பிறகு நன்றாக இருக்கும் என்று உத்தரவாதம் தருகிறார்கள்.

இந்த வாதம் முதலில் படைப்பையே அவமதிக்கிறது. எய்ச்சிரோ ஓடாவின் கதை முதல் அத்தியாயத்திலிருந்தே நல்ல கதை. ஒரு சிறுவனுக்காகத் தன் கையைக் கடலுக்குக் கொடுக்கும் ஷாங்க்ஸ் முதல் சில எபிசோட்களிலேயே வந்துவிடுகிறான். நாமியின் கிராமத்தை ஆர்லாங்கிடமிருந்து மீட்கும் பகுதி 44-ஆவது எபிசோடுக்குள் முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்தும் மனம் அசையாதவருக்கு ‘ஒன் பீஸ்’ இப்போதைக்கு ஏற்றதல்ல. அதில் அவர் குற்றமும் இல்லை, ஓடாவின் குற்றமும் இல்லை. “அங்கே நிறுத்திக்கொள்ளலாம், தவறில்லை” என்று சொல்லும் துணிவு பரிந்துரைப்பவருக்கு வேண்டும்.

இரண்டாவதாக, தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்ட குறையை ரசிகர்கள் புனிதமாக்குகிறார்கள். வாராவாரம் ஓடும் தொடர் மூலச் சித்திரக்கதையான மங்காவை முந்திவிடக் கூடாது என்பதற்காகக் காட்சிகள் இழுக்கப்பட்டன. புதிய கதைகள் இட்டு நிரப்பப்பட்டன. ‘நருட்டோ’வின் 220 எபிசோட்களில் 136-க்குப் பிறகு பெரும்பகுதி மங்காவில் இல்லாத இடைச்செருகல். ‘டிராகன் பால் ஸீ’யின் 291 எபிசோட்களை டோய் நிறுவனமே 2009 முதல் ‘டிராகன் பால் காய்’ என்ற பெயரில் வெட்டிச் சுருக்கியது. ‘ஒன் பீஸ்’ 2024 அக்டோபரில் இடைவெளி விட்டபோது, ஐம்பதுக்கும் மேற்பட்ட எபிசோட்களாக ஓடிய மீன்மனிதத் தீவுப் பகுதியை 21 எபிசோட்களாகத் தொகுத்து மறுபடி ஒளிபரப்பினார்கள். செய்தவர்களே கத்தரி எடுத்த பிறகு, “ஒன்றையும் தாண்டாதே, அப்போதுதான் உண்மையான ரசிகன்” என்று புதியவரிடம் கண்டிப்புக் காட்ட நமக்கு என்ன உரிமை? எதைத் தாண்டலாம், எந்த இடத்தில் மங்காவுக்கு மாறலாம் என்று சொல்பவர்தான் வழிகாட்டி.

4. எச்சரிப்பதும் கதையை உடைப்பதும் ஒன்றா?

இந்தக் குழப்பத்தால்தான் உண்மையான காயங்கள் ஏற்படுகின்றன. ‘மேட் இன் அபிஸ்’ 2017-ல் வந்த 13 எபிசோட் தொடர். உருண்டை முகக் குழந்தைகள், பச்சைப் பள்ளத்தாக்கு, கண்ணைக் கவரும் விலங்குகள். சுவரொட்டியைப் பார்த்தால் ஏழு வயதுக் குழந்தைக்கானது என்று தோன்றும். பத்தாவது எபிசோடில் ரிகோ என்ற சிறுமி படும் வேதனையைப் பெரியவர்களாலேயே நேராகப் பார்க்க முடியாது. அதன் பிறகு வரும் கதை இன்னும் கொடியது. ‘ஹன்டர் எக்ஸ் ஹன்டர்’ தூண்டிலும் கையுமாகப் புறப்படும் 12 வயதுச் சிறுவனின் கதையாகத் தொடங்குகிறது. 2011-ஆம் ஆண்டுப் பதிப்பின் 148 எபிசோட்களில் 76-ஆவதிலிருந்து விரியும் கிமேரா எறும்புப் பகுதியில் மனிதர்கள் இரையாகிறார்கள். “சாகசம், சூப்பர், பிள்ளைகளோடு பாருங்கள்” என்ற நான்கு சொற்களை நம்பி உட்காரும் குடும்பம் எங்கே போய் நிற்கும்?

நம் சமூகத்தில் இது இன்னும் கூர்மையான கேள்வி. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ முதல் எபிசோடில், இடிபாட்டில் சிக்கிய தாய் மகன் கண்முன்னே கொல்லப்படுகிறாள். இரண்டாவது எபிசோடில் அகதிகள் உணவுக்கு அடித்துக்கொள்கிறார்கள். பிறகு உணவுப் பற்றாக்குறையைத் தீர்க்க இரண்டரை லட்சம் பேர் சாவதற்கென்றே அனுப்பப்படுகிறார்கள். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பிறகு ஆக்லாந்து வந்து சேர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அந்தக் கதையில் தங்கள் வாழ்வைக் கண்டு, அதைப் பார்த்ததற்காக நன்றி சொல்லவும் கூடும். சிலர் பார்க்கவே விரும்பமாட்டார்கள். முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள். “ஒன்றும் சொல்லமாட்டேன், நீயே பார்” என்று கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பவர், அந்த முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடமிருந்து பறிக்கிறார்.

நாம் வாழும் நாடு இதை எப்போதோ தீர்த்துவிட்டது. 1993-ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டத்தின்படி நியூசிலாந்தில் படங்களுக்கு எம், ஆர்13, ஆர்16 என்று வயதுக் குறியீடு உண்டு. பல குறியீடுகளுக்குப் பக்கத்தில் வன்முறை, கொடூரம் என்று என்ன இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் அச்சிடுகிறார்கள். 2020-ல் வந்த திருத்தம் முக்கிய ஓடிடி நிறுவனங்களையும் இந்த வரம்புக்குள் கொண்டுவந்தது. அந்த ஒரு வரியால் எந்தக் கதையும் கெட்டுப்போனதில்லை. “குழந்தைகள் மிகவும் துன்பப்படுவார்கள், தெரிந்துகொண்டு பாருங்கள்” என்று சொல்வதற்கு எந்தத் திருப்பத்தையும் வெளியிட வேண்டியதில்லை.

5. மூல ஒலி ஒன்றுதான் மரியாதையா?

சப்டைட்டிலும் மொழிபெயர்ப்புதான். அதுவும் வாசிக்கும் வேகத்துக்கேற்பச் சுருக்கப்பட்ட மொழிபெயர்ப்பு. ஜப்பானிய மொழி தெரியாதவர் ஆங்கில வரிகளைப் படித்துக்கொண்டே பார்க்கும்போது, கண்ணில் பாதி திரையின் அடியிலேயே தங்கிவிடுகிறது. விரைந்து வாசிக்கப் பழகியவருக்கு அது பொருட்டல்ல. ஆறு வயதுக் குழந்தைக்கும், கண் மங்கிய பாட்டிக்கும், அடுப்படியில் நின்றபடி பார்ப்பவருக்கும் அது கடக்க முடியாத சுவர்.

ஜப்பானியர்கள் இப்படி அடம் பிடிப்பதில்லை. 2023 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் ‘ஒன் பீஸ்’ கதையை மனித நடிகர்களோடு எடுத்தபோது, அதன் ஜப்பானியக் குரல் பதிவுக்கு அனிமேயில் பேசிய மயூமி தனாக்காவும் அவருடைய சக கலைஞர்களுமே குரல் கொடுத்தார்கள். தங்கள் மக்கள் தங்கள் மொழியில் கேட்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். நாம் மட்டும் ஏன் கூசுகிறோம்? ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ 2025 செப்டம்பர் 12 அன்று இந்தியத் திரையரங்குகளில் தமிழிலும் வெளியானது. இந்திய ஜப்பானியக் கூட்டு முயற்சியாக 1990-களின் தொடக்கத்தில் முடிக்கப்பட்ட ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு மீண்டும் திரைக்கு வந்தது. ‘சோலோ லெவலிங்’ தமிழில் பேசுகிறது. வீட்டுக்கு வெளியே தமிழே காதில் விழாத ஊரில் வளரும் பிள்ளைக்கு, தமிழில் பேசும் ஒரு வீரன் கிடைப்பது எளிய விஷயமல்ல. அந்தத் தமிழ் ஒலி நியூசிலாந்துக் கணக்கில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்வது பரிந்துரைப்பவரின் கடமை. உரிமங்கள் நாட்டுக்கு நாடு மாறும். அதைவிட்டு “டப்பிங் பார்ப்பவன் ரசிகனே இல்லை” என்று முகத்தைச் சுளிப்பது வெறும் மேட்டிமை.

6. பட்டியல் கூட்டத்தைச் சேர்க்கிறதா, வடிகட்டுகிறதா?

பொதுக்கதை வேண்டும் என்ற வாதத்துக்கு வருகிறேன். எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் அதுதான். ஆனால் நடைமுறையில் அந்தப் பட்டியல் என்ன செய்கிறது? அது நுழைவுத் தேர்வாக மாறுகிறது. 1995-இலிருந்து இயங்கிவரும் ஆர்மகெடான் கண்காட்சி ஒவ்வோர் அக்டோபரிலும் தொழிலாளர் தின வாரயிறுதியில், ஒனிஹங்காவுக்குப் பக்கத்திலேயே கிரீன்லேன் ஷோகிரவுண்ட்ஸில் நடந்துவருகிறது. அதற்குப் போய்வந்த பெண்களிடம் பேசிப் பாருங்கள். ஒரு சட்டையில் லூஃபி படம் இருந்தால் போதும், “எத்தனை எபிசோட் பார்த்திருக்கிறாய்?” என்று தெரியாதவர் விசாரணை தொடங்கிவிடுவார் என்பார்கள். அதே சட்டை போட்ட பையன்களிடம் அந்தக் கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது.

அந்த விசாரணை நடத்துபவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் உச்சத்தில் வைத்திருக்கும் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’டை எழுதி வரைந்தவர் ஹிரோமு அரகாவா என்ற பெண், ஹொக்கைடோவின் பால்பண்ணையில் வளர்ந்தவர். ‘இனுயாஷா’ ருமிகோ தகஹாஷியின் படைப்பு. பெண்கள் படைத்த கதைகளின் வாசலில் பெண்களைத் தடுத்து நிறுத்தித் தேர்வு வைக்கிறோம்.

சிறிய சமூகத்துக்கு இது இரட்டை இழப்பு. சென்னையில் ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறு கூட்டம் கிடைக்கும். இங்கே தமிழில் அனிமே பேச ஆள் கிடைப்பதே அரிது. முப்பதாவது எபிசோடில் சலிப்படைந்தவர் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த சந்திப்புக்கு வருவதையே தவிர்த்துவிடுகிறார். கூட்டத்தை இணைக்க வந்த கதை ஓர் ஆளைக் கழித்துவிட்டது. ஒருவர் ‘ஃப்ரீரென்’ பார்த்து, இன்னொருவர் ‘டிராகன் பால்’ பார்த்து, இருவரும் ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொள்ளும்போதும் உரையாடல் நடக்கத்தான் செய்கிறது. ஒரே பாடத்தைப் படித்தவர்கள் ஒப்பித்துக் காட்டுவதைவிட அந்தப் பேச்சு உயிருள்ளது.

7. சாகசத்தின் பரப்பு இவ்வளவுதானா?

பட்டியலில் உள்ளவற்றில் பெரும்பாலானவை ‘ஷோனென்’ சண்டைத் தொடர்கள். பையன்களுக்கான மங்கா இதழ்களில் பிறந்தவை. அவை மட்டுமே சாகசம் என்று ஆகிவிட்டதால் எத்தனை கதைகள் இருட்டில் கிடக்கின்றன!

ஹயாவோ மியசாக்கி 1978-ல் இயக்கிய ‘ஃப்யூச்சர் பாய் கோனன்’: பேரழிவுக்குப் பிந்தைய உலகில் ஒரு தீவுச் சிறுவன் தன் தோழியைத் தேடிக் கடல் கடக்கும் கதை. 26 எபிசோட்கள், எட்டு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுத் தாத்தாவும் ஒன்றாகப் பார்க்கலாம். ஹிடேயாக்கி அன்னோவின் ‘நாடியா’: 1990-ல் தொடங்கிய 39 எபிசோட் தொடர்; இடையில் தீவில் நடக்கும் பகுதி தொய்வு என்று சொல்லியே பரிந்துரைக்கலாம். 2007-ல் வந்த ‘மோரிபிட்டோ’: முப்பது வயது ஈட்டிவீரி பால்சா, சொந்தத் தந்தையாலேயே கொலைக்குக் குறிவைக்கப்பட்ட இளவரசனைக் காக்கிறாள். மூலக் கதையை எழுதிய நஹோகோ உயெஹாஷி 2014-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர். முப்பது வயதுப் பெண்ணை நாயகியாக்கிய இந்தச் சாகசக் கதை எந்த ‘முதல் ஐந்து’ பட்டியலிலும் வருவதில்லை.

பட்டியலுக்குள் இருப்பவையும் தப்புவதில்லை. ‘வின்லண்ட் சாகா’ முதல் பருவத்தை “வைக்கிங் போர், அடிதடி” என்று சொல்லித் தருகிறோம். 2023-ல் வந்த இரண்டாம் பருவம் ஒரு பண்ணையில் அடிமைகளாக உழும் இருவரின் கதை. வாளைக் கீழே வைப்பதே வீரம் என்று சொல்லும் கதை. அடிதடிக்காக வந்தவர் ஏமாந்து திட்டுகிறார். அந்த இரண்டாம் பருவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளக்கூடியவர், “அடிதடி” என்ற சொல்லைக் கேட்டே விலகிப் போயிருக்கிறார். தவறான காரணம் சொல்லித் தருவதால் ஒரு நல்ல படைப்பு இரண்டு வாசலிலும் ஆளை இழக்கிறது.

“அப்படியானால் அவரவர் ரசனை அவரவருக்கு, பரிந்துரையே வேண்டாமே” என்று சிலர் எதிர்க்கேள்வி போடுவார்கள். அதையும் மறுக்கிறேன். அது பொறுப்பிலிருந்து தப்பிக்கும் வழி. ஆயிரக்கணக்கான தொடர்கள் குவிந்து கிடக்கும் இடத்தில், பார்த்தவர் பார்க்காதவருக்கு வழி சொல்லத்தான் வேண்டும். சிறந்தவை என்று சில உண்டு. அதைச் சொல்லத் தயங்கவும் கூடாது. என் வாதம் ஒன்றே ஒன்று: பரிந்துரை என்பது ஒரு படைப்புக்கும் ஒரு மனிதருக்கும் இடையே செய்யும் பொருத்தம். மனிதரைப் பார்க்காமல் படைப்பை மட்டும் பார்த்தால் அது வெறும் விளம்பரம்.

அதற்குப் பெரிய புலமை தேவையில்லை. நான்கு கேள்விகள் போதும். உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? யாரோடு பார்க்கப் போகிறீர்கள்? எதைப் பார்க்க விரும்பவில்லை? இதற்கு முன் எந்தக் கதை உங்களைக் கட்டிப்போட்டது? நான்காவது கேள்விக்கான பதில் அனிமேயாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சிவகாசியிலிருந்து 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்ட முத்து காமிக்ஸையும், 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸையும் படித்து வளர்ந்த அண்ணன்மார் இங்கே இருக்கிறார்கள். டெக்ஸ் வில்லரின் பாலைவனத் துப்பாக்கிக் கதைகளை ரசித்தவருக்கு, 1998-ல் வந்த 26 எபிசோட் ‘டிரைகன்’ உடனே பிடிபடும். ‘பொன்னியின் செல்வ’னில் அரண்மனைச் சூழ்ச்சியையும் வந்தியத்தேவனின் பயணத்தையும் விரும்பிய அக்காவுக்கு ‘மோரிபிட்டோ’வையோ, 2002-ல் வந்த ‘ட்வெல்வ் கிங்டம்ஸ்’ தொடரையோ கொடுங்கள். நீளத்துக்கு அஞ்சாத, கடலையும் நட்பையும் சிரிப்பையும் தேடும் கல்லூரித் தம்பிக்கு ‘ஒன் பீஸ்’தான் சரியான பதில், அவனுக்கு அதைத் தயங்காமல் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒனிஹங்கா நூலகத்தில் மங்காவின் முதல் தொகுதியை எடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்லாந்து நூலகங்கள் 2021-லேயே தாமதக் கட்டணத்தை நீக்கிவிட்டன. சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு காசு செலவில்லை.

தொடரைச் சொன்னதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எங்கே தொடங்குவது, எந்த இடத்தில் நிறுத்தி யோசிக்கலாம், என்ன கடுமை இருக்கிறது, எந்த மொழியில் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சில நாள் கழித்து “எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். “பிடிக்கவில்லை” என்று பதில் வந்தால் வாதாடாதீர்கள். ஏன் என்று கேட்டுவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள்.

அடுத்த முறை ஒரு தம்பியோ தங்கையோ “அண்ணா, என்ன பார்க்கலாம்?” என்று கேட்டால், தொடரின் பெயரைச் சொல்லும் முன் அவரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அதைக் கேட்காமல் கொடுக்கும் எந்தப் பட்டியலும், அதில் எத்தனை மகத்தான தொடர்கள் இருந்தாலும், பரிந்துரை ஆகாது.